கதவு மூடிய அறையில் ஓர் அமானத்

முதியோரையும் நோயாளரையும் பராமரிப்போரும், அவர்களை வேலைக்கு அமர்த்துவோரும் அறிந்திருக்க வேண்டியவை

ஒரு வீட்டில் உம்மா பாரிசவாதத்தில் விழுந்துவிட்டால், அல்லது வாப்பா மறதி நோயினால் தன் வீட்டு வாசலையே மறந்துவிட்டால், பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தேடுகிறோம். மகள் வெளிநாட்டில், மகன் கொழும்பில், மருமகளுக்கோ கைக்குழந்தை. நாலு இடங்களில் விசாரித்து ஒரு பெண்ணைக் கூட்டி வருகிறார்கள். அவர் வந்து நின்றதும் கேட்கப்படும் முதல் கேள்வி, "மாசத்துக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" இரண்டாவது, "எந்த ஊர், யாருட பிள்ளை?" மூன்றாவது, "சமையலும் செய்வீங்கதானே?"

"படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியுமா?" என்று கேட்பவர்கள் குறைவு. "இரவில் உங்களுக்குத் தூங்க எவ்வளவு நேரம் வேண்டும்?" என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. "உம்மா, இவரை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று, படுக்கையில் கிடக்கும் அந்த உம்மாவையே கேட்பவர்கள் மிக அரிது.

சகோதரிகளே! இந்த மூன்று கேள்விகளும் கேட்கப்படாமல் போவதால் ஏற்படும் துன்பம் வெளியே தெரிவதில்லை. அது கதவு மூடிய அறைக்குள் நடக்கிறது. துன்பப்படுபவருக்குப் பேச நா எழாது. பேசினாலும், "வயசாளி ஏதோ உளறுது" என்று தள்ளிவிடுவோம். பராமரிக்க வருபவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்களல்லர். இரக்கமுள்ளவர்களே அதிகம். ஆனால் இரக்கம் ஒன்றே போதும் என்று நினைத்துக்கொண்டு இந்தப் பணியை நாம் நடத்தி வருகிறோம். அங்கேதான் பிழை நேர்கிறது. பராமரிப்பு ஒரு தொழில். அதற்குக் கல்வி உண்டு, ஒழுங்கு உண்டு, வரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பராமரிக்கப்படுபவருக்கு அதிலே உரிமை உண்டு. நாம் அவருக்குச் செய்வது தயவு அல்ல. அவருடைய ஹக்கை அவரிடம் சேர்ப்பிக்கிறோம்.

இது சில வீடுகளுக்கு மட்டுமான விடயம் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நமது நாட்டு மக்களில் 12.4 சதவீதமானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். அதாவது எட்டுப் பேரில் ஒருவர். அதன் பின்னர் இந்த விகிதம் கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை. பிள்ளைகளின் தொகையோ ஒவ்வொரு குடும்பத்திலும் குறைந்து வருகிறது. ஆறு பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்த காலம் போய், ஒரே மகள் இரண்டு பெற்றோரையும் மாமியாரையும் சேர்த்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. வெளியாரின் உதவி இன்றி எல்லா வீடுகளும் இனிச் சமாளிக்க முடியாது.

இரண்டு தகைமைகள்

ஒருவரை வேலைக்கு அமர்த்தும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை அல்குர்ஆன் ஒரு பெண்ணின் வாயிலாகவே நமக்குச் சொல்லித் தருகிறது. மத்யன் நகரில் மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களைத் தம் தந்தைக்குப் பரிந்துரைத்த அந்தப் பெண், வேலைக்கு அமர்த்தப்படுபவர் வலிமையுள்ளவராகவும் நம்பிக்கைக்குரியவராகவும் இருப்பதே சிறந்தது என்ற கருத்தில் பேசியதை ஸூரத்துல் கஸஸின் 26ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. வலிமை என்பது இங்கே உடம்பின் பலம் மாத்திரமன்று; செய்யும் வேலையைச் செய்யத் தெரிந்த ஆற்றலும்தான்.

இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆபத்துத்தான். நம்பிக்கையானவர், ஆனால் தூக்கத் தெரியாதவர் என்றால் நோயாளி கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியும். தூக்கத் தெரிந்தவர், ஆனால் நம்பிக்கையற்றவர் என்றால் தலையணைக்கு அடியில் இருந்த மோதிரம் காணாமல் போகும். அதைவிட மேலான மானமும் போகலாம்.

நோயாளரைப் பராமரிப்பது நமது வரலாற்றில் புதிய தொழிலுமன்று. மதீனாவில் ருபைதா என்ற பெண்மணி காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்துவந்தார். கி.பி. 627இல் நடந்த அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள் அவரது பராமரிப்பிலேயே விடப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அவ்விடத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் காலையிலும் மாலையிலும் ஸஅதிடமே அவரது நிலையை விசாரிப்பார்கள் என்று இமாம் புகாரி தமது 'அல்அதபுல் முப்ரத்' என்ற நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. திறமையுள்ளவரிடம் நோயாளியை ஒப்படைத்தார்கள். ஒப்படைத்ததோடு விட்டுவிடாமல் நாளுக்கு இரண்டு முறை வந்து பார்த்தார்கள். பார்த்தபோது நோயாளியிடமே கேட்டார்கள்.

எழுதி வைக்கப்பட்ட ஒழுங்கு

பராமரிப்புப் பணிக்கென எழுத்தில் ஓர் ஒழுக்கக் கோவை இருக்க வேண்டும் என்பதைப் பல நாடுகள் உணர்ந்துவிட்டன. இங்கிலாந்தில் 2002ஆம் ஆண்டு, சமூகப் பராமரிப்புப் பணியாளர்களுக்கென ஒரு கோவை வெளியிடப்பட்டது. அதை வெளியிட்ட சபை 2012இல் மூடப்பட்டுவிட்டாலும், அடுத்த ஆண்டே வயதுவந்தோர் பராமரிப்பில் ஈடுபடுவோருக்கு வேறொரு கோவை வந்தது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வீடு சென்று பராமரிப்போர்கூடப் பதிவேட்டில் பெயர் பதிந்தே தொழில் செய்ய வேண்டும். ஒழுங்கு மீறினால் பெயர் நீக்கப்படும்.

2002இன் கோவையில் ஆறு தலைப்புகள் இருந்தன. அவற்றின் சாரம் இதுதான்: பராமரிக்கப்படுபவரின் உரிமையையும் நலனையும் காப்பது; அவரதும் குடும்பத்தினரதும் நம்பிக்கையைப் பெற்று அதைக் கெடுக்காதிருப்பது; இயன்றவரை அவர் சுயமாக இயங்க உதவி, அதேவேளை ஆபத்திலிருந்து காப்பது; அவரது நடத்தையால் அவருக்கோ பிறருக்கோ தீங்கு வராமல், அவரது உரிமையையும் மீறாமல் பார்ப்பது; இந்தத் தொழிலின் மீது பொதுமக்களுக்குள்ள நம்பிக்கையைக் காப்பது; தன் வேலையின் தரத்துக்குத் தானே பொறுப்பேற்று, அறிவை வளர்த்துக்கொள்வது.

நமது பிள்ளைகளில் பலர் இன்று பராமரிப்பு வேலைக்கென்றே வெளிநாடு செல்கிறார்கள். அங்கே இப்படிப்பட்ட விதிகளுக்கு அவர்கள் கட்டுப்பட வேண்டியிருக்கும். அதே விதிகள் நம் சொந்த உம்மாவின் அறைக்கு ஏன் வேண்டாம்? நமது வீடுகளில் அவை என்ன வடிவம் எடுக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேட்டுச் செய்தல்

படுக்கையில் கிடப்பவர் பொருளல்லர். அவர் ஒரு காலத்தில் இந்த வீட்டை ஆண்டவர். எத்தனையோ பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், கடையை நடத்தியவர், ஊருக்கே குர்ஆன் ஓதிக்கொடுத்தவராகவும் இருக்கலாம். அவரைக் "கிழவி" என்றோ, குழந்தையிடம் பேசுவதுபோல "வாயத் திறங்க பார்ப்பம்" என்றோ பேசுவது கூடாது. எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்று முதல் நாளே கேட்டு, அப்படியே அழைக்க வேண்டும். ஒருவருக்கு "மாமி" பிடிக்கும். ஒருவருக்கு "டீச்சர்" என்பதே பிடிக்கும்.

எந்த வேலையையும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். "இப்ப உங்கள வலப் பக்கம் திருப்பப் போறன்", "இப்ப தண்ணி ஊத்தப் போறன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் தன்னைத் தயார்படுத்திக்கொள்வார். சொல்லாமல் போர்வையை இழுத்தால் அவரது உடம்பு பயத்தில் நடுங்கும். குளிப்பது காலையிலா மாலையிலா, சோறா இடியப்பமா, எந்த உடுப்பு என்பதை அவரே தீர்மானிக்கட்டும். பேச முடியாதவருக்கு இரண்டு உடுப்புகளைக் காட்டினால் கண்ணால் காட்டுவார்.

உடலை மறைப்பது இங்கே மிக முக்கியம். கழுவும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதைத் துணியால் மூடியே வைக்க வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். குளிப்பாட்டும்போது அறைக்குள் எவரும் வந்து போகக்கூடாது. இயன்றவரை பெண்ணுக்குப் பெண்ணும் ஆணுக்கு ஆணும் இந்த உதவியைச் செய்வதே முறை.

வணக்கமும் அவரது உரிமையே. வுழூச் செய்ய உதவுவது, தண்ணீர் ஆகாதவருக்குத் தயம்மும் செய்ய ஒழுங்கு செய்து கொடுப்பது, இருந்தோ படுத்தோ தொழுபவரைக் கிப்லாவின் பக்கம் திருப்பிவிடுவது எல்லாம் பராமரிப்பில் அடங்கும். அதேபோல, நமது பிள்ளை ஒரு சிங்களப் பெரியவரையோ இந்துத் தாயையோ கிறிஸ்தவரையோ பராமரிக்கச் சென்றால், அவர்களது வழிபாட்டு நேரத்துக்கும் உணவு முறைக்கும் அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும். நோயாளியின் பலவீனத்தைப் பயன்படுத்தி நம் கருத்தை அவர் மீது திணிப்பது நம்பிக்கைத் துரோகமாகும்.

வீட்டுக் கதை வீட்டோடு

பராமரிக்கப் போகின்றவர் ஒரு குடும்பத்தின் உள்ளறை வரை போகிறார். மருமகளும் மாமியும் பேசாதிருப்பது அவருக்குத் தெரியும். மகன் பணம் அனுப்புவதில்லை என்பதும் தெரியும். வாப்பா படுக்கையை நனைப்பதும் தெரியும். இவற்றில் ஒன்றேனும் கல்யாண வீட்டில், பஸ்ஸில், அடுத்த வேலை வீட்டில் வெளிவருமானால், அந்த முதியவரின் மானம் போய்விட்டது. "நான் பேர் சொல்லவில்லையே" என்பது சமாதானமாகாது. ஊர் சிறியது, அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இன்றைய கைத்தொலைபேசி இதைவிடப் பெரிய சோதனை. நோயாளியைப் படம் பிடித்துப் பிள்ளைகளுக்கு அனுப்புவதென்றாலும் அவரது சம்மதம் வேண்டும். உடுப்புக் குலைந்த நிலையில் ஒருபோதும் எடுக்கக்கூடாது. உதவிப் பொதி கொடுத்துவிட்டு, வாங்கும் விதவையின் முகத்தைப் படமெடுத்து ஊரெங்கும் பரப்பும் நமது நிறுவனங்களும் இதைச் சிந்திக்க வேண்டும். கொடுத்ததைச் சொல்லிக்காட்டியும் மனதை நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை ஸூரத்துல் பகராவின் 264ஆம் வசனத்தில் இருக்கிறது.

ஆனால் இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நோயாளியின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தான ஒன்றை மறைப்பது இரகசியம் காப்பதாகாது. "நான் விழுந்ததை மகளிடம் சொல்லாதே" என்று உம்மா கேட்டாலும், தலையில் அடிபட்டிருந்தால் சொல்லியே ஆக வேண்டும். சொல்லப்போகிறேன் என்பதை அவரிடமும் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

தானே செய்ய விடுதல்

அன்பு மிகுந்தவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் தாமே செய்துவிடுவார்கள். ஒரு கை வழங்காத உம்மாவுக்கு மறு கை நன்றாக இருக்கும். ஆனால் ஊட்டிவிட்டால் சீக்கிரம் முடியும் என்று ஊட்டிவிடுவார்கள். சில மாதங்களில் அந்த நல்ல கையும் பலமிழந்துவிடும். பயன்படுத்தாத தசை மெலியும்; அசையாத மூட்டு இறுகும்.

பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிடம் எடுத்தால் எடுக்கட்டும். நான்கு அடி நடக்க முடியுமென்றால் நடக்கட்டும். நாம் பக்கத்தில் நிற்போம். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் கட்டிலிலேயே வைத்திருப்பது பாதுகாப்பன்று. விழாதிருக்க வழி செய்வதுதான் பாதுகாப்பு. வழுக்கும் பாயை எடுத்துவிடுங்கள். மலசலகூடத்தில் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி பொருத்துங்கள். இரவில் சிறிய விளக்கொன்று எரியட்டும். அளவான செருப்பு கொடுங்கள்.

மறதி நோயுள்ளவரிடம் வேறு விதமான பொறுமை வேண்டும். காலமான கணவரைத் தேடும் மூதாட்டியிடம், "அவர் மவுத்தாகி எத்தனை வருஷம்!" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிய மரணச் செய்தி. வாதாடாமல், "அவரை நினைவு வந்துட்டுதா? அவரைப் பற்றிச் சொல்லுங்களே" என்று பேச்சைத் திருப்பினால் அமைதியடைவார். கோபப்பட்டுக் கையை ஓங்கினால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். வலியோ, பசியோ, சிறுநீர் முட்டுவதோ, சத்தமோ என்று தேட வேண்டும். கட்டிலில் துணியால் கட்டிவைப்பதும், அறையைப் பூட்டிவிட்டுச் செல்வதும், டொக்டர் சொல்லாத தூக்கக் குளிசை கொடுப்பதும் பராமரிப்பல்ல, அவை கொடுமையே.

கைகள் கற்க வேண்டியவை

தானாகப் புரள முடியாதவருக்குப் படுக்கைப் புண் பெரிய எதிரி. பொதுவாக இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முதுகின் அடி, இடுப்பின் இரு பக்கம், குதிகால், முழங்கை, தோள், பின்தலை ஆகிய எலும்பு மேடான இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறாவிட்டால் அதுவே புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்த்துவிடக்கூடாது; பாரம் படாமல் வைத்து, தாதியிடமோ டொக்டரிடமோ காட்ட வேண்டும். மேலே நகர்த்தும்போது இழுக்கவும் கூடாது. இழுத்தால் தோல் உரியும். அடியில் ஒரு விரிப்பைப் போட்டு இருவராகப் பிடித்துத் தூக்க வேண்டும்.

உணவு கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்த வேண்டும். சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்க விடக்கூடாது. பாரிசவாதத்துக்குப் பின்னர், குடிக்கும்போது இருமல் வந்தாலோ குரல் நீர் கோத்ததுபோல மாறினாலோ, தண்ணீர் மூச்சுக் குழாய்க்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நெஞ்சுச் சளிக் காய்ச்சலுக்கு இது காரணமாகலாம். உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மருந்து, துண்டில் எழுதியபடியே. பக்கத்து வீட்டாருக்குச் சுகம் தந்த குளிசை நம் நோயாளிக்கு நஞ்சாகலாம். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுக்கக்கூடாது. விழுங்க முடியவில்லையென்று தாமாகவே தூளாக்கியும் கொடுக்கக்கூடாது. சில குளிசைகளை உடைக்கவே ஆகாது. சீனி வருத்தத்துக்கு மருந்து போட்டவர் திடீரென்று வியர்த்து, நடுங்கி, தடுமாறினால் சீனி குறைந்திருக்கலாம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனி கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்; 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

இவையனைத்துக்கும் துணையாக ஒரு கொப்பி வேண்டும். என்ன சாப்பிட்டார், எந்த மருந்து எத்தனை மணிக்கு, எப்போது திருப்பினோம், மலசலம் எப்படி, தோலில் ஏதும் மாற்றமா என்று அன்றன்றே எழுத வேண்டும். எழுதாதது நினைவில் நிற்காது. ஆள் மாறும்போது கொப்பி பேசும்; கிளினிக்கில் டொக்டருக்கும் அது உதவும். பிழை நடந்தாலும் நடந்தபடி எழுதுவதே அமானத். எப்போது செய்ய வேண்டும் என்பதோடு, எது தனக்குத் தெரியாது என்பதை அறிந்து, "இது எனக்குப் பழக்கமில்லை, காட்டித் தாங்க" என்று கேட்பதும் தொழில் நேர்மையே.

பணமும் நகையும்

முதியவரின் வங்கிப் புத்தகம், கையொப்பம், காணி உறுதி, நகை ஆகியவற்றிலிருந்து பராமரிப்பவர் விலகியே இருக்க வேண்டும். கடன் கேட்கக் கூடாது. கடன் கொடுக்கவும் கூடாது. பெரிய அன்பளிப்பைக் குடும்பத்தினர் அறியாமல் ஏற்கக் கூடாது. மருந்து வாங்கக் காசு கொடுத்தால் சிட்டையோடு மீதியை ஒப்படைக்க வேண்டும்.

இது சந்தேகப்படுவதன்று. அநாதைகளின் சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சி வைக்குமாறு ஸூரத்துன் நிஸாவின் 6ஆம் வசனம் பணிக்கிறது. நல்ல பாதுகாவலருக்கும் அந்தச் சட்டம்தான். சாட்சி கொடுப்பவரையும் காக்கிறது, வாங்குபவரையும் காக்கிறது. நாளைக்கு ஒரு வளையல் காணாமல் போனால் முதல் பழி வேலைக்கு வந்த ஏழைப் பெண் மீதே விழும். ஆகையால் வேலை தொடங்கும் நாளிலேயே, அறையில் என்ன நகை இருக்கிறது என்று எழுதி, வீட்டார் எடுத்துப் பத்திரப்படுத்துவது அவருக்கும் நல்லது.

கண்டால் வாய் திறத்தல்

பராமரிப்பவர் சில சமயம் வீட்டாரின் அநீதியைக் காண்பார். உம்மாவின் ஓய்வூதியத்தை மகன் எடுத்துக்கொண்டு மருந்து வாங்காமலிருப்பான். மருமகள் சாப்பாட்டைக் குறைப்பாள். கையில் நகக் காயம் இருக்கும். சில சமயம் வீட்டார் பராமரிப்பவரின் அநீதியைக் காண்பார்கள். இரண்டிலும் மௌனம் பாவத்தில் பங்காளியாக்கும். முதலில் பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் வெளியே சொல்ல வேண்டும்.

நமது நாட்டில் அதற்கு வழி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து உதவிப் பணம் கேட்டு அச்சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபையில் முறையிடலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகளுக்கான உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அவசரமென்றால் பொலிஸுக்கு 119. பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்தால் 1929, பெண்களுக்கென்றால் 1938. இந்த இலக்கங்களை அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள். குடும்ப மானம் போய்விடும் என்று பயப்படுகிறோம். அநீதியை மூடிவைப்பதால் மானம் மிஞ்சுவதில்லை.

வீட்டாரின் கடமை

இவ்வளவும் பராமரிப்பவருக்குச் சொன்னோம். 2002இல் இங்கிலாந்தில் பணியாளருக்குக் கோவை எழுதியவர்கள், வேலை கொடுப்போருக்கும் கூடவே இன்னொரு கோவையை எழுதினார்கள். அது நீதி. ஏனெனில் தூங்காத ஒருவரால் நன்றாகப் பராமரிக்க முடியாது.

இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே பெண். நோயாளியையும் பார்த்து, சமைத்து, உடுப்புக் கழுவி, பேரப் பிள்ளைகளையும் பார்க்கச் சொன்னால், அவர் பொறுமை இழக்கும் நாள் வரும். அந்த நாளில் அடி விழுவது படுக்கையில் கிடப்பவருக்கு. எனவே வேலை என்னவென்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இரவுத் தூக்கமும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், தனக்கென ஓர் இடமும், நாம் சாப்பிடும் சாப்பாடும் அவருக்குக் கிடைக்க வேண்டும். கூலியாளின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கும்போது, "மகன் காசு அனுப்பட்டும்" என்று மூன்று மாதம் இழுப்பது எந்த நியாயம்? கையுறை, சவர்க்காரம், மாற்று விரிப்பு போன்ற பொருட்களும் வீட்டாரே கொடுக்க வேண்டியவை. பராமரிப்புத் தொழிலுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வாய்ப்பு இங்கேயே உண்டு. பயிற்சி பெற்றவருக்கு அதற்கேற்ற சம்பளம் கொடுப்பதும் கடமை.

இன்னொருவரையும் மறந்துவிட வேண்டாம். கூலியும் இல்லாமல், பெயரும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் தாயைப் பார்க்கும் மகள் அல்லது மருமகள். அவருக்கு "சுவர்க்கம் உனக்குத்தான்" என்று வாழ்த்துச் சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். பெற்றோரிடம் 'சீ' என்ற சொல்லும் வரக்கூடாது என்ற கட்டளை ஒரு பிள்ளைக்கு மட்டும் இறங்கியதன்று. வாரத்தில் இரண்டு இரவுகளை மற்றொருவர் பொறுப்பேற்றால் அவர் மூச்சு விடுவார். அவரது கைகளும் மென்மையாகவே இருக்கும். ஆண் மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாப்பாவைக் குளிப்பாட்டுவது மருமகளின் வேலையல்ல, மகனின் வேலை.

இந்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு காரியத்தைச் செய்யுங்கள். பராமரிக்கப்படும் உம்மாவோ வாப்பாவோ வீட்டில் இருந்தால், வேறு எவரும் இல்லாத நேரத்தில் அறைக்குள் போய்ப் பக்கத்தில் இருந்து, "உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது? எதை நாங்கள் வேறு விதமாகச் செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். பிறகு பராமரிப்பவரிடமும் தனியாக அதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பதில்களையும் கோபப்படாமல் கேட்டு, அவற்றில் ஒன்றையாவது அன்றே திருத்துங்கள்.